இரும்புக்குள் கல்

மகள் கட்டும் வீட்டில் குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டி முடித்த அன்று, வேலை பார்த்த தம்பி வந்து நின்றார். "ஏனுங்க சார், ஜாயிண்ட்டுக்கு எபாக்சி போட்டுறலாங்களா, சிமெண்ட்டே போதுங்களா?" நான் வாயைத் திறக்குமுன் அவர் கையிலிருந்த டப்பாவைத் திறந்துவிட்டார். ஹார்டனர் நெடி குப்பென்று வந்தது. கண்ணோரம் எரியவைக்கிற அந்த அமோனியா நெடியை முகர்ந்து வெகு காலம் ஆகிவிட்டது. மகளைப் பேசச் சொல்லிவிட்டு வெளியே வந்து நின்றேன். கோவை கணபதியில் இருந்த எங்கள் பட்டறையும், தகரக் கூரைக்குக் கீழே இதே கேள்வியோடு மாதக்கணக்கில் மல்லுக்கு நின்ற மனிதர்களும் ஒவ்வொருவராக நினைவில் வந்தார்கள்.

எங்களுடையது எஸ்.பி.எம். பட்டறை. கடையில் வாங்க முடியாத, ஒரே ஒரு வேலைக்கென்று செய்கிற இயந்திரங்கள். கோவையில் பம்பும் மோட்டாரும் செய்கிறவர்கள் இருக்கும்வரை அந்தத் தொழிலுக்குப் பஞ்சமில்லை. மோட்டார் பாடியின் இரண்டு முகத்தையும் ஒரே பிடிப்பில் கடைய ஒன்று வேண்டும் என்பார்கள், பேரிங் உட்காரும் துளையை போர் செய்ய ஒன்று வேண்டும் என்பார்கள். பெரும்பாலும் ஒரே ஒரு இயந்திரம்தான் ஆர்டர்.

நான் சேர்ந்த புதிதில் இயந்திரத்தின் அடிப்பாகமான பெட் என்றால் வார்ப்பிரும்புதான். பேட்டர்ன் ஆசாரி தேக்கு வாசனையோடு வந்து மாதிரியை வைத்துவிட்டுப் போவார். ஃபவுண்டரியில் ஊற்றி வந்த பெட்டை உடனே மெஷினில் ஏற்ற மாட்டோம். பட்டறைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் வெயிலிலும் மழையிலும் கிடக்கும். வார்ப்பு ஆறும்போது உள்ளே நின்றுபோன இறுக்கம் மெல்லத் தளரட்டும் என்று அப்படிப் போட்டுவைப்பது அந்தக் காலத்து வழக்கம். சீசனிங் என்போம். துருவேறிச் செம்மண் நிறமாகிக் கிடக்கும் பெட்களின் மேல் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறோம்.

அந்தப் பொறுமை பிறகு யாருக்கும் இல்லாமல் போனது. ஒரே ஓர் இயந்திரத்துக்காக பேட்டர்ன் செய்து ஃபவுண்டரியில் வரிசையில் நிற்பது கட்டுபடியாகவில்லை. தனியாக வாங்கி போல்ட் போட்டு மாட்டுகிற வழித்தடமான எல்.எம். கைடு வேறு வந்துவிட்டது. பெட்டிலேயே வழித்தடத்தைக் கடைந்து, நீலம் பூசி, ஸ்கிரேப்பர் பிடித்துச் சுரண்டிச் சுரண்டிச் சேர்த்த காலம் போய், மட்டமான ஒரு தளமும் போல்ட் ஓட்டையும் இருந்தால் போதும் என்றாயிற்று. தகட்டை வெட்டி, பெட்டியாக வெல்டு வைத்து, உலையில் ஏற்றி ஸ்ட்ரெஸ் எடுத்தால் ஃப்ரேம் தயார்.

ஆனால் அந்த ஃப்ரேமைச் சுத்தியலால் தட்டிப் பார்த்த அன்று எங்கள் ஃபோர்மேன் அண்ணன் முகம் சுருங்கியது எனக்கு இன்னும் மறக்கவில்லை. வார்ப்பிரும்பைத் தட்டினால் 'டொக்' என்று அங்கேயே நின்றுவிடும். இது 'ணங்ங்' என்று இழுத்தது. வார்ப்பிரும்புக்குள் இலை இலையாகக் கிராஃபைட் இருக்கிறது. அதிர்வை அது தின்றுவிடும். எஃகு வார்ப்பிரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விறைப்பானது, ஆனால் அதிர்வைத் தனக்குள் அடக்கத் தெரியாது. இயந்திரத்தை ஓட்டியதும் அது வேலையில் தெரிந்தது. கடைந்த முகத்தில் நகத்தை வைத்து இழுத்தால் சரசரவென்று வரி. சேட்டர் என்போம். டூல் முனை சீக்கிரம் உடைந்தது. அண்ணன் ஒரு ரூபாய் நாணயத்தைப் பெட்டின் மேல் விளிம்பில் நிறுத்தி மோட்டாரை ஓட்டச் சொன்னார். சுவிட்சைத் தொட்டதும் நாணயம் உருண்டு ஓடியது.

"உள்ள காத்து இருக்கற வரைக்கும் இது கத்தத்தான் செய்யும் தம்பி. வயித்தை ரொப்பி உடோணும்."

அடுத்த தெருவில் வீடு கட்டிக்கொண்டிருந்த இடத்திலிருந்து ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்தோம். அறுபதை நெருங்கிய மனிதர், தலையில் துண்டு, விரல் நுனியெல்லாம் சிமெண்ட் தின்ற வெடிப்பு. ஃப்ரேமைச் சுற்றிவந்து பார்த்தார். "மெசினுக்குள்ளயா கான்கிரீட் போடறீங்க?" என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு அவருக்கும் ஃபோர்மேன் அண்ணனுக்கும் தண்ணீர் விஷயத்தில் வாக்குவாதம் மூண்டது. மூலைமுடுக்கெல்லாம் கலவை தானாக ஓட வேண்டும், தாராளமாகத் தண்ணீர் விடுங்கள் என்பது அண்ணன் கட்சி. கொத்தனார் மசியவில்லை. "தண்ணி ஜாஸ்தி உட்டீங்கன்னா இன்னைக்கு ரொம்பித்தான் நிக்குமுங்க. காலைல வந்து பாருங்க, எறங்கிப் போயிருக்கும். அப்பறம் சுருங்கிச் செவுத்தை உட்டுப்போட்டு வந்துரும்."

அவர் சொன்னதுதான் சரி. சிமெண்ட் இறுக வேதிவினைக்கு வேண்டிய தண்ணீர் அதன் எடையில் ஏறத்தாழக் கால் பங்குதான். மற்றதெல்லாம் கையாளும் வசதிக்காக நாம் ஊற்றுவது. அது மேலே மிதந்து வரும். உள்ளே தங்கியது பிற்பாடு பொந்தாக நிற்கும், காய்ந்தால் சுருக்கமாக மாறும். கொத்தனார் கெட்டியாகவே கலந்தார். 53 கிரேடு சிமெண்ட், சலித்த ஆற்று மணல், சின்ன ஜல்லி. ஃப்ரேமைச் சங்கிலி பிளாக்கில் தூக்கிச் சற்றே சாய்த்து நிறுத்தி, மேல் மூலையில் காற்றுப்போக ஓட்டை விட்டு, கீழிருந்து மேலாக நிரம்பும்படி ஊற்றினோம். வைப்ரேட்டர் ஊசி உள்ளே போக வழியில்லை. நான்கு பேர் நான்கு பக்கமும் நின்று மரச் சுத்தியலால் தகட்டைத் தட்டிக்கொண்டே இருந்தோம். நிரம்பிய இடத்தில் சத்தம் மாறும். 'ணங்' மெல்ல மெல்ல மேலே ஏறி, கடைசியில் மேல் மூலையில் ஒரு சாணளவுக்கு ஒடுங்கி, அங்கும் அடங்கிப்போனது. வேலை பார்த்த அத்தனை பேரும் காதால்தான் அதைப் பார்த்தோம்.

ஊற்றிய வாயை ஈரச் சாக்கைப் போட்டு மூடினோம். வாடிக்கையாளர் தினம் ஃபோனில் கத்தினார். 28 நாள் ஆகாமல் தளம் கடையும் பிளானோமில்லரில் ஏற்ற விடமாட்டேன் என்று அண்ணன் நின்றார். நிரப்பி, இறுகி, அடங்கிய பிறகுதான் கைடு உட்காரும் தளத்தைக் கடைய வேண்டும். முந்திக்கொண்டு கடைந்தால் சிமெண்ட் சுருங்கும்போது தகட்டையும் கொஞ்சம் இழுக்கும். லெவல் வைத்துப் பார்த்தால் மீட்டருக்கு 0.02 மில்லிமீட்டர் காட்டுகிற கண்ணாடிக் குமிழி நகர்ந்திருக்கும். அந்த இயந்திரம் ஓடியபோது நாணயம் நின்றது. ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கும்போது கொத்தனாரையும் கூப்பிட்டு, வேட்டி துண்டு வைத்துக் கொடுத்தோம். பொரிகடலையை மடியில் கட்டிக்கொண்டு இயந்திரத்தின் அருகில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

நாங்கள் செய்தது ஏதோ புது வித்தை என்று அன்று நினைத்திருந்தோம். பிற்பாடுதான் படித்தேன். முதல் உலகப் போர்க் காலத்தில் பீரங்கிக் குண்டு கடைய லேத் பற்றாமல் போனபோது, அமெரிக்காவில் லூசியன் யோமன்ஸ் என்பவர் கான்கிரீட்டாலேயே லேத் உடம்பை வார்த்துக் காட்டியிருக்கிறார். பெரிய வார்ப்புக்குக் காத்திருக்க நேரமில்லை என்ற அதே நெருக்கடிதான் அவருக்கும்.

சிமெண்ட் தோற்ற இடத்தையும் பார்த்தேன். வேறொரு பட்டறை செய்த இயந்திரம் ஒன்று, அளவு நிற்கவில்லை என்று எங்களிடம் பழுது பார்க்க வந்தது. சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் பாதி உடம்பு 'டொக்', பாதி 'பொத பொத' என்று பொள்ளல் சத்தம். ஒரு பக்கத் தகட்டை கேஸ் கட்டிங்கில் வெட்டி எடுத்தோம். உள்ளே கான்கிரீட் நன்றாகத்தான் இறுகியிருந்தது. ஆனால் தகடு தனி, கல் தனி. நடுவில் காகிதம் நுழையும் இடைவெளி. தகட்டில் மில்லிலிருந்து வந்த எண்ணெய்ப் பூச்சு அப்படியே இருந்தது. மேல்பக்கம் கலவை இறங்கிய இடத்தில் கூலன்ட் புகுந்து தேங்கி, மூடியைத் திறந்ததும் அழுகல் வாடை அடித்தது. நிரப்பிய பொருள் எவ்வளவு நல்லதானாலும் சுவரைப் பிடிக்காவிட்டால் அது வெறும் பாரம். அதிர்வது தகடு. அந்தத் தகட்டைக் கல் இறுகப் பிடித்திருந்தால்தான் அதிர்வு கல்லுக்குள் போய்ச் சாகும். அதன் பிறகு எங்கள் பட்டறையில் பெட்டியை மூடுமுன் உட்பக்கம் முழுக்க கிரைண்டர் ஓட்டி, தின்னர் போட்டுத் துடைத்து, ராடு துண்டுகளை முள்முள்ளாக வெல்டு வைப்பது சட்டமாகிவிட்டது.

எபாக்சி எங்கள் பட்டறைக்குள் வந்தது ப்ராஜெக்ட் செய்ய வந்த ஒரு கல்லூரிப் பையன் வழியாக. சுவிட்சர்லாந்தின் ஸ்டூடர் நிறுவனம் கிரைண்டிங் மெஷின் பெட்டையே கருங்கல் துகளும் எபாக்சியும் கலந்து கிரானிட்டான் என்ற பெயரில் வார்க்கிறது என்று ஒரு கட்டுரையை நகலெடுத்து வந்திருந்தான். பின்னாளில் கோவையிலேயே பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் எபாக்சி கிரானைட் பற்றி ஆய்வுகள் நடந்தன. அன்று எங்களுக்கு அது கேள்விப்படாத சங்கதி. ஃபோர்மேன் அண்ணன் விலையைக் கேட்டுத் திகைத்தார். ஒரு மூட்டை சிமெண்ட் காசுக்கு ஒரு கிலோ ரெசின்கூட வராது. "இத்தனை காசு குடுத்துப் பசை ஊத்தோணுமா கண்ணு?" என்றார். பையன் பணிவாகச் சொன்னான்: "பசை கொஞ்சந்தானுங்கய்யா. மீதியெல்லாம் கல்லுதான்."

அந்த 'கொஞ்சந்தான்' என்பதில்தான் முழுக் கலையும் இருக்கிறது. எஃகு ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு டிகிரி சூட்டில் 12 மைக்ரான் நீளும். கான்கிரீட்டும் ஏறத்தாழ அவ்வளவுதான்; இரண்டும் சேர்ந்தே நீளும், சேர்ந்தே குறுகும். சிமெண்ட்டின் பெரிய பலம் இது. வெறும் எபாக்சியோ 50, 60 மைக்ரான் வரை போகும். அதை அப்படியே ஊற்றினால் கோவை வெயிலில் மத்தியானத்துக்குள் ஃப்ரேமை முறுக்கிவிடும். கல்லை நிறைத்து, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கும் சந்தில் மட்டும் ரெசின் இருக்கும்படி செய்தால் எஃகுக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிடலாம். எடையில் பத்துப் பன்னிரண்டு சதவீதம் ரெசின், மற்றதெல்லாம் கல். இதுதான் கணக்கு.

கிரானைட் பாலிஷ் போடும் இடத்திலிருந்து சில்லுகளை மூட்டையில் கொண்டுவந்தோம். மூன்று சல்லடை. பெரிய சில்லு, நடுத்தரம், மாவுப்பொடி. தூசி போகக் கழுவி, இரும்புச் சட்டியில் போட்டு அடுப்பில் வறுத்து ஆறவைத்தோம், ஏனென்றால் ஈரம் இருந்தால் எபாக்சி கல்லைப் பிடிக்காது. எந்த அளவில் எவ்வளவு சேர்ப்பது என்பதைப் பையன் கண்டுபிடித்த விதம் அழகு. ஒரே வாளியில் வெவ்வேறு விகிதத்தில் கல்லைப் போட்டுக் குலுக்கி, தலைதட்டி எடை போட்டான். வாளி எப்போது அதிகக் கனம் காட்டுகிறதோ, அப்போதுதான் சந்து குறைவு. அந்த விகிதத்துக்குத்தான் ரெசின் குறைவாகச் செலவாகும். ஃபோர்மேன் அண்ணன் அன்றுதான் அவனிடம் ஸ்டூலை நகர்த்தி உட்காரச் சொன்னார்.

அரால்டைட் எல்.ஒய். 556, ஹார்டனர் எச்.ஒய். 951. நூறு கிராமுக்குப் பத்து கிராம், தராசில். கண்ணளவு, கையளவு எல்லாம் நடக்காது. ஹார்டனர் கூடினாலும் குறைந்தாலும் உள்ளே பிசுபிசுப்பு நிற்கும். கலந்த பிறகு கையில் அரை மணி நேரந்தான் இருக்கும், வெயில் காலத்தில் அதுவும் இல்லை. கலவையை உறை போட்ட கையால் அள்ளிப் பிடித்துப் பார்த்தோம். புட்டு மாவு போலப் பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தொட்டால் உதிர வேண்டும். சிமெண்ட் போல இது ஓடாது. ஆகவே பழைய பெஞ்ச் கிரைண்டர் மோட்டாரின் அச்சில் ஒருபக்கக் கனம் கட்டி, அதை ஃப்ரேமில் போல்ட் போட்டு ஓட்டினோம். ஃப்ரேம் முழுக்க அதிர, கலவை பளபளவென்று மேல்முகம் காட்டி உட்கார்ந்தது. ஒரு அடுக்கு, கொஞ்சம் பொறுத்து அடுத்த அடுக்கு.

பிளாஸ்டிக் மக்கில் மீந்துபோன வெறும் ரெசின், வேலை முடிவதற்குள் கொதித்துப் புகைந்து, மக்கின் அடியை உருக்கிவிட்டது. ஃப்ரேமைத் தொட்டால் வெதுவெதுப்போடு சரி. இறுகும்போது ரெசின் கக்குகிற சூட்டைக் கல் வாங்கிக்கொள்கிறது, இரும்பு வெளியே விடுகிறது. மொத்தமாக ஊற்றாமல் அடுக்கடுக்காக ஏன் போட வேண்டும் என்று அதற்குப் பிறகு யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் அந்த ஹார்டனர் பொல்லாதது. உறை போடாமல் தொட்ட ஹெல்பர் பையனுக்கு மணிக்கட்டில் கொப்புளம் எழும்பி வாரக்கணக்கில் ஆறவில்லை. ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போன தோலுக்கு அடுத்த முறை நெடியே போதும், மறுபடி எழும்பிவிடும். அவனை அந்த வேலைக்குப் பக்கத்திலேயே விடாமல் பார்த்துக்கொண்டோம். எபாக்சி வேலைக்கு உறையும் காற்றோட்டமும் கட்டாயம் என்று நான் யாரிடமும் இன்றுவரை சொல்லாமல் விட்டதில்லை. சிமெண்ட் மட்டும் சாதுவா? கொத்தனாரின் விரல் வெடிப்பை நினைத்துப் பாருங்கள்.

மறுநாள் காலையில் கல்லாக இறுகியிருந்தது. 28 நாள் தவம் இல்லை. சில நாள் விட்டுக் கடைந்து, கைடு போட்டு ஓட்டியபோது, சிமெண்ட் போட்ட ஃப்ரேமைவிட ஒரு படி மேலாகவே அடங்கியிருந்தது. எபாக்சி கிரானைட் அதிர்வைத் தின்பதில் வார்ப்பிரும்பைவிடப் பல மடங்கு கெட்டி. தகட்டையும் விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்கிறது. அது சூட்டை மெதுவாகத்தான் கடத்தும் என்பதால் காலைக் குளிருக்கும் மத்தியானத் தகரக் கூரைச் சூட்டுக்கும் இயந்திரம் உடனே ஆட்டம் காட்டுவதில்லை.

இவ்வளவு சொன்னதால் எபாக்சிதான் எப்போதும் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் பட்டறையில் கடைசிவரை இரண்டும் நடந்தது. தரையில் போல்ட் போட்டு உட்காரும் கனத்த அடிப்பெட்டி, நாற்பது ஐம்பது வாளி கொள்கிற வயிறு, ஒரு மாதம் காத்திருக்க அவகாசம் என்றால் சிமெண்ட்தான். இப்போது சுருங்காத கிரௌட் என்றே மூட்டையில் கிடைக்கிறது. மூட்டையில் எழுதியிருக்கும் தண்ணீருக்கு மேல் ஒரு சொட்டு சேர்க்காமல் கலந்தால் அருமையான பொருள். மெல்லிய தகடு, நீண்ட சதுரக் குழாய், ஸ்பிண்டில் உட்காரும் தூண், கைடுக்கு நேர் கீழே இருக்கும் இடம் இவற்றுக்கு எபாக்சிக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. ஒரே இயந்திரத்தில் அடியில் சிமெண்ட், தூணில் எபாக்சி என்று செய்து நிம்மதியாக ஓடியிருக்கிறது.

வளைகிற ஃப்ரேமை நிரப்பி நிமிர்த்திவிடலாம் என்று நினைக்கிறவர்களிடம் மட்டும் நான் விடாமல் வாதாடுவேன். கான்கிரீட்டோ எபாக்சி கல்லோ, அதன் விறைப்பு எஃகில் ஆறேழில் ஒரு பங்குதான். நிரப்புவது நடுங்கும் தகட்டை அடக்கவும் கனம் சேர்க்கவும். வளைவுக்கு மருந்து தடித்த தகடும் உள்ளே குறுக்கு ரிப்பும். அவற்றை வெல்டிங் நடக்கும்போதே யோசிக்க வேண்டும், நிரப்பிய பிறகு கைவைக்க முடியாது. நிரப்பிய ஃப்ரேமை இரும்புக்கடைக்காரர்கூட எடைக்கு எடுக்க மாட்டார். வெறும் தகட்டு ஃப்ரேமுக்கு என்றைக்கும் கிலோ விலை உண்டு. கல் நிறைந்ததை உடைத்துப் பிரிக்கும் கூலி இரும்பு விலையைத் தின்றுவிடும். எங்கள் முதலாளி அதைச் சொல்லிச் சொல்லித்தான் ஒவ்வொரு முறையும் ஒப்புதல் கொடுப்பார்.

இரண்டு மாதம் முன் உறவுக்காரப் பையன் ஒருவர், சொந்தமாக மர வேலைக்கு ஒரு ரௌட்டர் கட்டுகிறேன், எதை ஊற்றலாம் மாமா என்று படத்தை எடுத்துக்கொண்டு வந்தார். குறுக்காக ஓடும் கேன்ட்ரியையும் நிரப்பப் போவதாகக் குறித்திருந்தார். அதை அடித்துவிடச் சொன்னேன். ஓடுகிற உறுப்பில் கனம் சேர்த்தால் மோட்டாருக்குப் பாரம், திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் உதறும். கால்களுக்குச் சுருங்காத சிமெண்ட், கைடு உட்காரும் இரண்டு நீளக் குழாய்க்கு எபாக்சி என்று முடிவாயிற்று. வயர் போகப் பைப்பும், தூக்குவதற்கு கொக்கியும், பிற்பாடு தேவைப்படும் போல்ட்டுக்கு நட்டும் இப்போதே உள்ளே வெல்டு வைத்துவிட்டீர்களா என்று கேட்டேன். வைக்கவில்லை என்றார். திரும்பிப் போய் வைத்துவிட்டு ஃபோன் செய்தார். கல்லை வறுத்து டிரம்மில் மூடி வைத்திருக்கிறார், உறைகள் வாங்கியாயிற்று. ஊற்றுவது வரும் ஞாயிறு காலை, வெயில் ஏறுமுன். மரச் சுத்தியல் இரண்டு எடுத்துக்கொண்டு நானும் போகிறேன்.